ஒரு வேப்பந்தழை போதும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சமூக ஊடகங்களும் நம் பாதுகாப்பும் என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். தமிழாசிரியருக்கும் இத்தலைப்புக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். கணினியின் உள்ளமைப்பை விளக்குவதற்கு நான் வரவில்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது, ஒருவரைப் பற்றி மற்றவரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பன மொழியறிந்தவர்கள் நெடுங்காலமாக எண்ணிப் பார்த்த கேள்விகள். அந்த வாயில் வழியாகவே இத்தலைப்புக்குள் நுழைகிறேன்.

சங்கப் பாடல்களை அகம், புறம் என இரண்டாகப் பகுத்தனர் நம் முன்னோர். அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. காதலும் பிரிவும் ஊடலும் எல்லோர்க்கும் பொதுவானவை. ஆயினும் இன்னாருடைய காதல், இன்னாருடைய பிரிவு என்று ஊரறியச் செய்தல் தகாது என்பது அவ்விதியின் உட்கிடை என்று நான் கொள்கிறேன்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை இங்கே நினைவுகூர வேண்டும். கணவனைப் பிரிந்து வருந்தும் அரசியும், பாசறையில் கூதிர்க்காலத்து நள்ளிரவிலும் உறங்காத அரசனும் அதில் வருகிறார்கள். அரசன் பெயர் எங்கும் இல்லை. ஆனால், பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்ததாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாள மாலை. அந்த ஒரு குறிப்பால் தலைவன் பாண்டியன் என்பது புலப்பட்டுவிட்டது. ஆதலின் இப்பாட்டை அகம் என்று கொள்ள இயலாது, புறம் என்றே கொள்ள வேண்டும் என உரை வகுத்தார் நச்சினார்க்கினியர்.

இதிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இன்னார் என்று அறிவதற்கு அவர் பெயர் வேண்டியதில்லை. ஒரு வேப்பந்தழை போதும். அவ்வாறு வெளிப்பட்டபின் அகமாய் இருந்தது புறமாகிவிடும். அதை மீண்டும் அகமாக்க முடியாது. சமூக ஊடகம் பற்றி இன்று நான் சொல்ல விரும்புவதெல்லாம் இவ்விரண்டின் விரிவே.

கைப்பேசியிலுள்ள வேப்பந்தழைகள்

பேரக்குழந்தை முதல்நாள் பள்ளிக்குச் செல்கிறது. வாயிற்படியில் நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் இடுகிறோம். குழந்தையின் பெயரை எழுதவில்லை. ஆகவே அச்சமில்லை என்று எண்ணுகிறோம். படத்தைக் கூர்ந்து பாருங்கள். சீருடையின் நிறம், கழுத்துப்பட்டையில் பள்ளியின் சின்னம், மார்பில் அடையாள அட்டை, பின்னால் வீட்டு எண், ஓரத்தில் வண்டியின் பதிவெண். அதே பக்கத்தில் ஒரு திங்களுக்கு முன் இட்ட பிறந்தநாள் படத்தில் கேக்கின்மேல் குழந்தையின் பெயரும் வயதும் இருக்கின்றன. மற்றொரு நாள், மாலை 5 மணிக்குப் பாட்டு வகுப்பு என்று பெருமிதத்தோடு எழுதியிருக்கிறோம். தனித்தனியே பார்த்தால் இவை யாவும் குற்றமற்ற மகிழ்ச்சிகள். ஒருவன் அமர்ந்து ஒன்றாகக் கோத்தால், அக்குழந்தை யார், எங்குப் படிக்கிறது, எப்போது எவ்வழியாக வருகிறது என்பதெல்லாம் அவன் கையில்.

2018 ஜூலை 28ஆம் நாள், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராய் இருந்த ஆர்.எஸ். சர்மா, தம் ஆதார் எண்ணை ட்விட்டரில் வெளியிட்டு, இதனால் தமக்கு என்ன தீங்கு செய்ய முடியும் என்று அறைகூவல் விடுத்தார். சில மணி நேரத்திற்குள் அவருடைய கைப்பேசி எண், முகவரி, பிறந்த நாள் முதலிய பலவற்றைப் பலர் எடுத்து அடுக்கினார்கள். ஆதார்த் தரவுத்தளத்திலிருந்து எதுவும் கசியவில்லை, அவை முன்னரே இணையத்தில் எவரும் காணும்படி கிடந்த விவரங்கள் என்று ஆதார் ஆணையம் விளக்கியது. தமக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை என்று சர்மாவும் கூறினார். இருக்கட்டும். நமக்கு வேண்டிய பாடம் ஆணையத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கினாலே போதுமானதாயிற்று.

என் விவரம் என்னுடையது மட்டுமா?

"என் படம், என் விருப்பம்" என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. நியாயமான சொல்தான். ஆனால், நாம் இடும் படங்களில் நாம் மட்டுமே இருப்பது எத்தனை?

2018ஆம் ஆண்டு வெளியான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் பலருக்கு நினைவிருக்கலாம். ஆளுமையைச் சோதிக்கும் வினாவிடை போன்ற ஒரு செயலி முகநூலில் இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களின் விவரங்களோடு, அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் அது திரட்டிக்கொண்டது. உலகெங்கும் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை இதில் சிக்கியிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே பின்னர்த் தெரிவித்தது. இந்தியாவைப் பற்றி அந்நிறுவனம் தந்த கணக்கை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர்கள் 335 பேர். அவர்களுடைய நட்புத் தொடர்பால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய மற்றவர்கள் 5,62,120 பேர். பொழுதுபோக்காக ஒரு பொத்தானை அழுத்தியவர்கள் சில நூறு பேர். கேட்கப்படாமலே விலை கொடுத்தவர்கள் ஐந்தரை இலட்சம் பேர். இது தொடர்பான வழக்கில் 2019ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் வணிக ஆணையம் அந்நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்தது. போன விவரங்கள் போனவைதாம்.

ஆகவே, நம் கைப்பேசியில் இருப்பது நம் உடைமை மட்டுமன்று. அதில் அண்ணியின் எண் இருக்கிறது. அண்டை வீட்டாரின் படம் இருக்கிறது. மருமகளின் மருத்துவ அறிக்கை இருக்கிறது. அவை நம்மிடம் அடைக்கலமாக வந்தவை. அடைக்கலப் பொருளை உரியவரைக் கேளாமல் பிறர்க்கு வழங்குவதற்கு நம் மரபில் என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரன் விவரமும் வாழ்த்து மடலும்

இனி நம் அவைக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். உரிமையோடு சொல்கிறேன், பொறுத்தருள்க.

சமுதாயக் குழுக்களில் வரன் விவரங்கள் நாள்தோறும் வருகின்றன. பெண்ணின் முழு உருவப் படம், பிறந்த நாள், பிறந்த நேரம், பிறந்த ஊர், பணியிடம், மாத ஊதியம், தாய்தந்தையர் பெயர், உடன்பிறந்தோர், சொந்த வீடு, முகவரி, கைப்பேசி எண் ஆகிய யாவும் ஒரே தாளில் இருக்கும். நல்ல நோக்கத்தோடு ஒருவர் அனுப்ப, அதே நல்ல நோக்கத்தோடு மற்றவர் வேறு நான்கு குழுக்களுக்குத் திருப்பிவிடுகிறார். திருமணம் முடிந்து குழந்தை பிறந்தபின்னும் அத்தாள் எங்கோ ஓரிடத்தில் உலவிக்கொண்டே இருக்கிறது. பொய்க் கணக்குத் தொடங்குவோனுக்கும், வங்கியிலிருந்து பேசுவதாக நடிப்போனுக்கும், படத்தைத் திரித்து மிரட்டுவோனுக்கும் இதைவிட வசதியான ஆவணம் கிடைக்குமா?

அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள் இது. வரன் விவரங்களைப் பெற்றுக் காக்கப் பெரியவர் ஒருவரும் அம்மையார் ஒருவரும் பொறுப்பேற்கட்டும். குழுவில் கல்வி, வயது, ஊர் ஆகிய மூன்று மட்டும் வரட்டும். விருப்பமுள்ள குடும்பத்தார் பொறுப்பாளரிடம் கேட்டுப் பெண் வீட்டாரின் இசைவோடு மற்றவற்றைப் பெறட்டும். சம்பந்தம் முடிந்ததும் அவ்விவரத்தை அழித்துவிடுக. குடும்பக் கையேட்டை அச்சிடும்போதும் அதைக் கோப்பாக எல்லோர்க்கும் அனுப்பும் வழக்கத்தை மறு ஆய்வு செய்க.

முதியோர் பக்கமும் சற்றுப் பார்ப்போம். பணி ஓய்வு பெறும் ஒருவருக்குப் பாராட்டு விழா நடக்கிறது. வாழ்த்து மடலின் படம் முகநூலில் வருகிறது. அதில் பெயர், பதவி, ஓய்வு நாள் எல்லாம் உண்டு. ஓய்வூதியப் பணம் எந்நாளில் வங்கிக்கு வரும் என்பதைக் கணக்கிடப் பெரிய அறிவு வேண்டுமா? மகன் வெளிநாட்டில் இருப்பதும், வீட்டில் இருவரே இருப்பதும் அதே பக்கத்தில் முன்னரே தெரிந்தவை. பிறகு ஒரு நாள் காணொளி அழைப்பு வரும். காவலர் சீருடையில் ஒருவன் தோன்றுவான். உங்கள் பெயரில் வந்த பொதியில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் மகன் பெயரும் வழக்கில் இருக்கிறது என்பான். மகனின் பெயரைச் சரியாகச் சொல்வதால் நாம் நடுங்கிவிடுகிறோம். இணைப்பைத் துண்டிக்காதே, அறையை விட்டு வெளியே போகாதே, யாரிடமும் சொல்லாதே, இது டிஜிட்டல் கைது என்பான்.

அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபர் 27ஆம் நாள் வானொலி உரையில் பிரதமரே இதை நாட்டு மக்களுக்கு எடுத்துரைத்தார். எந்தக் காவல் நிலையமும், எந்தப் புலனாய்வு அமைப்பும் காணொளியில் விசாரணை நடத்திப் பணம் கேட்பதில்லை. யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் கூறினால், உடனே ஒருவரிடம் சொல்ல வேண்டிய வேளை வந்துவிட்டது என்று பொருள்.

அம்பலும் அலரும்

அகப்பொருள் நூல்களில் அம்பல், அலர் என்று இரண்டு சொற்கள் உண்டு. சிலர் தமக்குள் முணுமுணுத்துக்கொள்வது அம்பல். பலரறியப் பரவிவிட்டது அலர். அரும்புக்கும் மலருக்கும் உள்ள வேறுபாடு என்று விளக்குவார்கள். அக்காலத்தில் அம்பல் அலராவதற்குச் சில நாள்களேனும் ஆயின. இன்று ஒரு விரல்தொடுதல் போதும்.

2016 ஜூன் திங்களில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை ஒருவன் ஆபாசமாகத் திரித்து முகநூலில் வெளியிட்டான். குடும்பத்தார் காவல்துறையில் புகார் அளித்தனர். நடவடிக்கை விரைந்து வரவில்லை. சில நாள்களில் அத்தகைய படம் மீண்டும் வெளியானது. அப்பெண் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தாம் யாருக்கும் எந்தப் படத்தையும் அனுப்பவில்லை என்று அவர் எழுதிவைத்திருந்தார். தம் வீட்டாரே தம்மை நம்பவில்லையே என்ற வேதனையும் அக்கடிதத்தில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. குற்றவாளி பின்னர்ப் பிடிபட்டான். அந்தப் பெற்றோரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் அலருக்கு அஞ்சி நடுங்கியவர்களாகவே இருந்திருப்பார்கள். ஆனால் அந்த நிகழ்ச்சி ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் எச்சரிக்கை.

தாய்மார்களே, தந்தையரே, உங்கள் மகளோ மகனோ இப்படியொரு செய்தியோடு உங்கள்முன் வந்து நின்றால், முதல் சொல் என்னவாக இருக்க வேண்டும்? "நீ ஏன் படம் போட்டாய்?" என்பதா? "நான் உன்னை நம்புகிறேன். நீ குற்றம் செய்யவில்லை. நாம் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்." இதுவே முதல் சொல்லாக இருக்கட்டும். மிரட்டுவோனின் ஒரே படைக்கலம் பிள்ளை வீட்டாரிடம் சொல்ல அஞ்சுவதுதான். அந்த அச்சத்தை நீக்கிவிட்டால் அவன் வெறுங்கையன். மனம் மிகவும் சோர்ந்திருந்தால் 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

இப்படத்தை ஒருவன் உருவாக்கினான்; ஒருவர் திருப்பி அனுப்பினார்; மற்றொருவர் அதன்கீழ் விருப்பக் குறி இட்டார். செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்பட்டு மகிழ்தல் ஆகிய மூன்றும் வினையே என்பதை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வந்ததைத்தானே அனுப்பினேன் என்று எவரும் விலகிக்கொள்ள முடியாது.

சட்டத்தின் காவலும் அதன் எல்லையும்

கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தம் எண்பதுகளில், 2012ஆம் ஆண்டு, ஆதார்த் திட்டம் குறித்து உச்சநீதிமன்றத்தை அணுகினார். அவ்வழக்கில் எழுந்த கேள்விக்கு 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து ஒருமனதாக விடையளித்தார்கள். அந்தரங்கம் இந்தியக் குடிமகனின் அடிப்படை உரிமை என்பது அத்தீர்ப்பு. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைப் பெறும் நிறுவனம் பெற்றோரின் இசைவைப் பெற வேண்டும் என்று அது கூறுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, பிறர் அடையாளத்தைத் திருடுவதும், கணினி வழியே பிறர்போல நடித்து ஏமாற்றுவதும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியவை.

ஆயினும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு விலக்குகள் உள்ளன. தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்காகவும் இல்லத் தேவைக்காகவும் கையாளும் விவரங்களை அது தொடுவதில்லை. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே பொதுவெளியில் வைத்துவிட்ட விவரத்துக்கும் அச்சட்டம் பொருந்தாது. நச்சினார்க்கினியர் அன்று சொன்னதையே நாடாளுமன்றமும் சொல்லியிருக்கிறது பாருங்கள். நீயே வேப்பந்தழையைக் காட்டிவிட்டபின் அதை அகம் என்று கொள்ள இயலாது! ஆகவே வீட்டிற்குள் இருக்க வேண்டிய விதியை நாம்தாம் எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டு விதிகள்

இன்றிரவே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பிறர் இருக்கும் படத்தை வெளியிடுமுன் அவரைக் கேட்போம். குழந்தையாயினும் கேட்போம், கேட்டுப் பழகிய குழந்தைதான் நாளை பிறரைக் கேட்கும். பள்ளிச் சீருடைப் படம் குடும்பத்தாரோடு நிற்கட்டும். பயணம் போகிறோம் என்பதைத் திரும்பி வந்தபின் சொல்வோம். பூட்டிய வீட்டின் செய்தியை நாமே பறைசாற்ற வேண்டாம்.

வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமை என்னும் பகுதியைத் திறந்து, முகப்புப் படத்தைக் காண்போரும் நம்மைக் குழுவில் சேர்ப்போரும் நம் தொடர்பில் உள்ளவர் மட்டுமே என்று மாற்றுவோம். இருபடிச் சரிபார்ப்பைத் தொடங்கி ஆறு இலக்க மறையெண் வைப்போம். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்னும் பகுதியில் நமக்குத் தெரியாத கருவி ஏதும் இருக்கிறதா என்று திங்களுக்கு ஒரு முறை பார்ப்போம். குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்க எண்ணை, கேட்பவர் உறவினரே ஆயினும் கொடுக்க வேண்டாம். கேட்பது அவர்தாமா என்று குரல்வழி அழைத்து அறிவோம். குரலையும் இப்போது செயற்கையாக உருவாக்குகிறார்கள். ஆதலால் வீட்டார் மட்டும் அறிந்த ஓர் அடையாளச் சொல்லை வைத்துக்கொள்வது நலம். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் கோப்பு, தன்னை நிறுவச் சொன்னால் தொடவே வேண்டாம். அழைப்பிதழைப் படிக்க எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆதாரைக் கொடுக்க நேர்ந்தால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அது கிடைக்கிறது.

பணம் போய்விட்டால் நாணி இருக்க வேண்டாம். 1930 என்னும் எண்ணை உடனே அழையுங்கள். முறையீடு வங்கிகளுக்கு விரைந்து சென்று, பணம் அடுத்த கைக்கு மாறுமுன் நிறுத்திவைக்க வழி உண்டு. ஒவ்வொரு நிமிடமும் பயனுடையது. திரித்த படம் வெளியானால் அழிக்குமுன் திரைப்பதிவும் முகவரியும் எடுத்துவைத்து, மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில் முறையிடுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

சமூக ஊடகத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடல் கடந்த மகளின் முகத்தை நாள்தோறும் காட்டும் கருவியை யார் வெறுப்பார்? பேசும் முன் நாவைக் காக்கப் பழகியவர்கள் நாம். அந்தக் காவலை விரலுக்கும் நீட்டிப்போம். அனுப்பும் பொத்தானைத் தொடுமுன் ஒரு கேள்வி போதும்: "இது யாருடையது? அவரைக் கேட்டேனா?"